வெறும் மாத்திரையும் ஒரு டப்பா லேகியமும்

1

போன சனிக்கிழமை காலையில் எனக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, பரவையிலிருந்து என் கொழுந்தன் பால்பாண்டி அனுப்பிய குரல்பதிவு. இன்னொன்று, வாசல் கதவின் தபால் துவாரம் வழியாக மிதியடி மேல் விழுந்த ஒரு வெள்ளை உறை.

குரல்பதிவைத்தான் முதலில் கேட்டேன்.

“மதினி, அண்ணனுக்கு வர்ற வெள்ளிக்கிழமையோட வருசம் திரும்புது. மார்க்கெட்டு வாசல்ல ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கணும். செல்லூர்ல அடிக்கிற கடையில சொல்லிட்டேன். நல்லாத் தெம்பா இருக்குற போட்டோவா ஒண்ணு பாத்து அனுப்புங்க. கடைசியா எடுத்ததெல்லாம் வேணாம் மதினி. என்னால பாக்க முடியல.”

மதுரைக்காரர்களுக்கு ஃப்ளெக்ஸ் பற்றி விளக்க வேண்டியதில்லை. காதுகுத்தென்றாலும் கண்ணீர் அஞ்சலியென்றாலும் நமக்குச் சாலையோரம் ஒன்று நின்றாக வேண்டும். போட்டோவைவிட முக்கியம் கீழே போடுகிற பெயர்கள்தான். யார் பெயர் முதலில், யார் பெயர் பெரிய எழுத்தில், யார் பெயர் விட்டுப்போனது என்று பார்க்கவே ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு சின்னம்மா குடும்பம் பெயர் விட்டுப்போனதற்காகவே இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

வெள்ளை உறையைத் திறக்கவில்லை. மேலே ஆஸ்பத்திரியின் முத்திரை இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு பதில் இருக்கும். அந்தப் பதில் வர வேண்டும் என்று பாதி நாளும், வரவே கூடாது என்று மீதி நாளும் ஒரு வருஷமாக இருந்திருக்கிறேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் அதைச் செருகி வைத்துவிட்டுத் தோசைக்கு மாவு கரைத்தேன். தோசை ஒன்றும் சரியாக வரவில்லை.

என் பெயர் வாசுகி. இங்கிலாந்தில் டெர்பி என்ற ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கணவர் சோலைமலை இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தார். போன வருஷம் நுரையீரல் புற்றில் போய்விட்டார். ஒரே மகள் மீனா, லீட்ஸில் கல்லூரியில் படிக்கிறாள். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். என் வேலை என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அன்றன்று சமைக்கிற ஒவ்வொரு பதார்த்தத்திலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எது எந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று பார்த்துப் பட்டியல் எழுதி ஒட்டுவது. பாலா, கோதுமையா, எள்ளா, கடுகா, ஒன்று விடக்கூடாது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் பட்டியலில் தப்பு விட்டதில்லை.

2

அவருக்கு நோய் தெரிந்த பிறகு எங்களை அதிகம் பயமுறுத்தியது இருமல் இல்லை. உடம்பு. என்ன சாப்பிட்டாலும் ஒட்டவில்லை. தொடை, தோள், கன்னம் என்று ஒவ்வொரு இடமாகச் சதை கரைந்தது. பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் புதுப்புது ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார். இந்த நோயில் இப்படித்தான் தசை கரையும், தசை போனால் கீமோவையும் உடம்பு தாங்காது என்று டாக்டர் அம்மா சொன்னார். அப்போதுதான் அந்தச் சோதனை மருந்தைப் பற்றியும் சொன்னார்.

எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஆண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனை மருந்தாகக் கொடுத்தால் தசை கூடும். ஆனால் அது உடம்பு முழுக்கப் போய் வேண்டாத இடத்திலும் வேலையைக் காட்டும். இந்த மாத்திரை, தசையும் எலும்பும் இருக்கிற இடமாகப் பார்த்து அங்கே மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று கண்டுபிடித்தது. அந்த வகைக்குச் சுருக்கமாக சார்ம் என்கிறார்கள். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, எந்த டாக்டரும் சீட்டு எழுதித் தர முடியாது. அதனால் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. நம் ஊர் டவுன் பஸ் மாதிரி எழுத்தும் எண்ணும்தான்.

பாதிப் பேருக்கு அந்த மருந்து. மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. ஆராய்ச்சி முடிந்த பிறகு கடிதம் போட்டுச் சொல்வார்களாம்.

சம்மதப் படிவம் ஒரு சின்னப் புத்தகம் அளவு இருந்தது. இந்த நாட்டில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கத்தில், வேறு எந்த மருந்தோ மூலிகையோ சத்துப் பொருளோ எடுத்தால் உடனே சொல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தையும் நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த கையோடு அவர் தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், ரகசியம் பேசத் தெரியாத ஆள்.

“டேய் பாண்டி, எனக்கு ஆம்பள மருந்து குடுக்கப் போறாய்ங்கடா. அடுத்த வருசம் வந்து ஆணழகன் போட்டியில நிக்கிறேன் பாரு.”

“அண்ணே, இங்க ஜிம்முக்குப் போற பயலுக அது மாதிரி ஒண்ண ஆன்லைன்ல வாங்கித் திங்கிறாய்ங்கண்ணே. நம்ம தெருவுலயே ஒருத்தன் தின்னுபுட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஈரல் கெட்டு ஆஸ்பத்திரில கெடந்தான். பாத்துண்ணே.”

“இங்க வாரா வாரம் ரத்தம் எடுத்துப் பாப்பாய்ங்கடா. அது போக, எனக்கு மருந்து விழுகுதோ, வெறும் மாவு மாத்திரை விழுகுதோ. பாதிப் பேருக்கு அதானாம்.”

பால்பாண்டி சிரிப்பை நிறுத்திவிட்டான்.

“என்ன மதினி இது? எங்கண்ணன் உசுர வச்சு சீட்டுக் குலுக்குறாய்ங்களா?”

அவனுக்கு என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. எனக்கே அன்று அப்படித்தான் பட்டது.

3

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்கள் வைத்த பரீட்சை படி ஏறுவது. ஆஸ்பத்திரியின் ஒரு மூலையில் பன்னிரண்டு படிகள். கைப்பிடியைத் தொடக்கூடாது. நர்ஸ் கேரன் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு நிற்பார். முதல் நாள் ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்கினார் என் புருஷன். ஒரு காலத்தில் பரவை மார்க்கெட்டில் தோளில் வெங்காய மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறி இறங்கிய மனுஷன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று கேரனிடம் தன் ஆங்கிலத்தில் ஒரு விஷயம் சொன்னார். நாம் உடம்பு இறங்கிப்போச்சு என்போமே, அதை அப்படியே ஆங்கிலமாக்கினார். அந்தம்மா பதறிப்போய், கீழே விழுந்தீர்களா, எப்போது, எங்கே அடிபட்டது என்று விழுந்தவர்களுக்கான ஒரு படிவத்தை எடுத்துவிட்டார். அதைக் கேன்சல் பண்ண இன்னொரு படிவம். ரயிலில் திரும்பி வரும்போது நாற்பது நிமிஷமும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இந்த ஊர் வீடுகளில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் பதிமூன்று படி. மறுநாளிலிருந்து காலையில் அதில் பழக ஆரம்பித்தார். நான் அடிப்படியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே போவார், நின்றால் அங்கேயே உட்கார்ந்து பேசுவார்.

“வாசு, மதுரையில பிளேன விட்டு ஏணிப்படியில எறங்கி நடந்து வரணும். வீல்சேர்ல வந்தேன்னு வையி, பாண்டி அழுதுருவான். அவன் அழுதா வேன்ல வந்த அம்புட்டுப் பேரும் அழுவாய்ங்க. நடந்துதான் வருவேன்.”

அவருக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். நோய் தீரும் என்று அவர் நம்பவில்லை. ஒருதரம் தன் காலால் நடந்து தம்பி முன்னால் போய் நிற்க வேண்டும்.

இரண்டாம் தடவை ஒன்பதாவது படி வரை நிற்காமல் போனார். மூன்றாம் தடவை பன்னிரண்டையும் நிற்காமல் ஏறினார். மேலே போய்த் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். கேரன் கடிகாரத்தை விட்டுவிட்டுக் கை தட்டினார். என் போனை வாங்கி அவரே போட்டோ எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கே டிக்கெட் விலை பார்த்தோம்.

4

இப்போது லேகியத்துக்கு வருகிறேன்.

முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் பால்பாண்டியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. சீரணி மிட்டாய், காரச்சேவு, மிளகாய் வற்றல், இவற்றுக்கு நடுவில் துணி சுற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பா. மதுரையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சொல்லிச் செய்து வாங்கினானாம். எலும்பும் தோலுமாகக் கிடந்தவனெல்லாம் எழுந்து நடந்திருக்கிறான் என்று கடைக்காரர் சொன்னாராம்.

“மதினி, காலைல ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி. அவுக குடுக்குறது வெறும் மாத்திரையாப் போச்சுன்னா எங்கண்ணனுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிரும்ல? அதுக்குத்தான் இது. எது விழுந்தாலும் நம்ம பங்குக்கு ஒண்ணு உள்ள போகட்டும்.”

அவன் கணக்கு அவ்வளவுதான். சீட்டில் தன் அண்ணனுக்கு வெறுஞ்சீட்டு விழுந்தால் அதை ஈடுகட்ட ஒரு டப்பா லேகியம். நான் மறுபேச்சுப் பேசாமல் கரண்டியை எடுத்தேன்.

டப்பாவின் மேல் லேகியம் என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. பள்ளிக்கூடத்தில் கேக்கில் எள் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள் நான். வீட்டுக்கு வந்து அந்தக் கறுப்பை ஒரு கேள்வி கேட்காமல் என் புருஷன் வாயில் வைத்தேன். ஏனென்றால் எனக்கு அது மருந்தே இல்லை. தீபாவளி விடியலில் எல்லோரும் உருட்டித் தின்கிறோம். மீனா பிறந்தபோது இதே மாதிரி பார்சலில் பிரசவ லேகியம் வந்தது, தின்றேன், நன்றாகத்தான் இருந்தேன். மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது. லேகியம் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருப்பது. நம் வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அதனால் கேரன், வேறு மருந்து, மூலிகை எதுவும் எடுக்கிறாரா என்று வழக்கம்போலக் கேட்டபோது, இல்லை என்றேன். அந்த முதல் இல்லைக்கு என்னை நானே மன்னித்துக்கொள்ள முடியும்.

5

படி ஏறிக் கைதூக்கிய மறுவாரம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட்டிருப்பது தெரிந்தது. உடனே வரச் சொன்னார்கள். சோதனை மாத்திரையை நிறுத்தினார்கள். கீமோவையும் தள்ளி வைத்தார்கள். ஈரல் சரியாகாமல் கீமோ கொடுக்க முடியாதாம்.

கேரன் எதிரில் உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, மெதுவாக மறுபடி கேட்டார். மூலிகை, பொடி, எண்ணெய், வீட்டு மருந்து, எதுவுமே இல்லையா?

இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான் இல்லை என்றேன். சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து அவரை எடுத்துவிடுவார்கள், அந்த மாத்திரை மறுபடி கிடைக்காது என்ற பயம் ஒன்று. பால்பாண்டியைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி இருந்தது இன்னொன்று. எப்படி நியாயப்படுத்தினாலும் பொய் பொய்தான்.

மீனா அன்று எங்களோடு வந்திருந்தாள். சுவரில் சாய்ந்து நின்றவள், ஆங்கிலத்தில், “அம்மா, அந்தக் கறுப்புப் பசை?” என்றாள்.

கேரன் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

நான் என் மகளை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. அப்பாவின் ஈரலைக் காப்பாற்றப் பேசியவளைப் பத்து நாள் நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தேன், துணி மடித்து வைத்தேன், பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினாலும் அவள் என்னோடு பழையபடி ஆகவில்லை. ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த தமிழ், அந்த அறையோடு அநேகமாக நின்றுபோனது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கதவு சாத்தப்படும்.

அன்று ரயிலில் சிரிப்பு இல்லை. ஜன்னலைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

“பாண்டிகிட்ட சொல்லிறாத. செத்துருவான். மாத்திரதான் ஒத்துக்கலன்னு சொல்லிரு.”

அப்படியே சொன்னேன். அவன் அந்த மாத்திரைக்காரர்களைப் போனிலேயே கிழி கிழியென்று கிழித்தான்.

லேகியத்தை நிறுத்தி ஆறு வாரத்தில் ஈரல் சரியானது. அந்த ஆறு வாரம் கீமோ இல்லாமல் போனதில் நோய் எலும்புக்கு வந்துவிட்டது. டிக்கெட் போடவேயில்லை. மாடியிலிருந்து கட்டிலைக் கீழே இறக்கினோம். பிப்ரவரியில், வீட்டிலேயே, காலையில் எட்டு மணிக்குப் போய்விட்டார்.

மதுரைக்கு நான் கொண்டுபோனது சாம்பல். விமான நிலையத்தில் கைப்பையில் என்ன இருக்கிறது, எடை எவ்வளவு, சான்றிதழ் எங்கே என்று மூன்று இடத்தில் கேட்டார்கள். மூன்று இடத்திலும் மறைக்காமல் சொன்னேன். ஏணிப்படியில் அவரை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். வெளியே வேனோடு நின்ற பால்பாண்டி, அவர் சொன்னபடியே அழுதான்.

டாக்டர் அம்மா எனக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு இடம் கொடுத்திருந்தார். இந்த வகை மாத்திரையும் ஈரலைத் தொடக்கூடியதுதான், எது காரணம் என்று இப்போது சொல்ல முடியாது, அவருக்குக் கிடைத்தது மருந்தா வெறும் மாத்திரையா என்று ஆராய்ச்சி முடிந்ததும் தெரியும் என்றார். மருந்தாக இருந்தால், லேகியம் இல்லாமலும் இது நடந்திருக்கலாம். பால்பாண்டியின் தெருவில் கண் மஞ்சளாகிக் கிடந்தானாமே, அந்தப் பையனை எத்தனை தடவை நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு வருஷம் அந்த ஒரு இருக்கலாமில்தான் நான் குடியிருந்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மீனா வந்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். அப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்துப் படித்து மருத்துவ ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வெறும் மாத்திரை, அம்மா.” தமிழில் சொன்னாள். கஷ்டப்பட்டுச் சொன்னாள்.

அவருக்கு மருந்து விழவேயில்லை. வெறுஞ்சீட்டுதான் விழுந்திருக்கிறது. கீமோ மேலும் ஒரு சந்தேகம் வைக்கலாம் என்று டாக்டர் சொல்வார். ஆனால் லேகியத்தை நிறுத்தியதும் ஈரல் சரியானதை நான் கண்ணால் பார்த்தவள். இனி மாத்திரை மேல் பழி போட முடியாது.

பால்பாண்டியிடம் இதைச் சொல்வதாக எனக்கு எண்ணமில்லை. போட்டோ விஷயமாகத்தான் மத்தியானம் அவனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், மார்க்கெட்டில் தன் வெங்காயக் கடையில் இருந்தான். அவனாகவே கேட்டான்.

“மதினி, வருசமாச்சே, அந்தக் கடுதாசி வந்துச்சா? எங்கண்ணனக் கெடுத்தது அவுக மாத்திரதான்னு எழுதிருக்காய்ங்களா?”

மீனா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் மூன்றாவது தடவை இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

“வந்துச்சு தம்பி. உங்கண்ணனுக்கு விழுந்தது வெறும் மாத்திரையாம்.”

பால்பாண்டி தேம்பினான். தேம்பலுக்கு நடுவில் சிரித்தான்.

“அப்ப அந்தப் பன்னெண்டு படியும் எங்கண்ணன் நம்ம லேகியத்துலதான் ஏறிருக்காரு! நான் அன்னைக்கே சொன்னேன்ல மதினி! அவுக மாத்திரையில ஒண்ணுமில்ல, நம்ம சாமான்தான் தூக்கி விட்டுருக்கு. அய்யோ, எனக்கு இது போதும் மதினி. அண்ணனுக்கு ஒண்ணுமே செய்யலையேன்னு ஒரு வருசமாத் தூக்கமில்ல எனக்கு.”

அப்படியே விட்டிருப்பேன். என் சாமி சத்தியமாக விட்டிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டதும் அதுதான். ஆனால் அவன் நிறுத்தவில்லை.

“இங்க நம்ம லோடுமேன் கருப்பண்ணே இருக்காருல்ல, அவருக்கும் இதே நோவுதான் மதினி, குச்சியாப் போயிட்டாரு. நேத்துத்தான் ஒரு டப்பா சொல்லி வாங்கி வச்சேன். குடுக்கலாமா வேணாமான்னு இருந்தேன். இன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்.”

“குடுக்காதீங்க தம்பி,” என்றேன்.

“ஏன் மதினி?”

சொன்னேன். ஈரல் கெட்டது, கேரன் கேட்டது, நான் இல்லை என்றது, மீனா சொன்னது, டப்பாவை ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டது, நிறுத்தியதும் ஈரல் சரியானது, கீமோ தள்ளிப்போனது. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவர்தான் சொன்னார் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அந்தப் பக்கம் யாரோ வெங்காயம் விலை கேட்டார்கள். கடையின் ஷட்டரை இழுத்து இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “அண்ணனுக்குத் தெரியுமா?” என்றான். “தெரிஞ்சும் எங்கிட்ட நல்லாத்தான் பேசுனாரா?”

“கடைசி வரைக்கும் நல்லாத்தான பேசுனாரு தம்பி.”

“மதினி, ஃப்ளெக்ஸ்ல எம்பேரு போட வேணாம்.”

“அப்படிச் சொல்லாதீங்க. அனுப்புனதுதான் நீங்க. ஊட்டுனது நான். கேட்டப்ப ரெண்டு வாட்டி இல்லன்னு பொய் சொன்னது நான். ஒங்க பேரு இல்லன்னா எம்பேரும் வேணாம்.”

போன் துண்டானது.

அன்றைக்கே அவனுக்குப் போட்டோவை அனுப்பினேன். கேரன் எடுத்தது. பன்னிரண்டாம் படியில் நின்று இரண்டு கைகளையும் தூக்கிச் சிரிக்கிற போட்டோ. என்னிடம் இருப்பதில் தெம்பான போட்டோ அதுதான். ஒன்றுமே இல்லாத ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, தம்பியைப் பார்க்கப் போகிற ஆசையில் ஏறியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். லேகியமா ஆசையா என்று எந்த ஆஸ்பத்திரிக் கடிதமும் எனக்குச் சொல்லப் போவதில்லை.

7

வெள்ளிக்கிழமை. காலையில் பள்ளிக்கூடத்தில் மீன் வறுவலுக்கும் ஆப்பிள் கேக்குக்கும் பட்டியல் எழுதி ஒட்டினேன். ஒன்றை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. பதினொரு மணிக்குப் பால்பாண்டியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஐந்து நாளாக நான் கூப்பிட்ட எதற்கும் எடுக்காதவன்.

“டப்பாவ கடையில திருப்பிக் குடுத்துட்டேன். கருப்பண்ணனப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.” அடுத்து ஒரு போட்டோ. வேறு வார்த்தை இல்லை.

பரவை மார்க்கெட் வாசலில் ஃப்ளெக்ஸ் நிற்கிறது. ஆளுயரம். படியின் உச்சியில் அவர் கைகளைத் தூக்கி நிற்கிறார். செல்லூர்க் கடைக்காரர் ஆஸ்பத்திரிச் சுவரை அழித்துவிட்டு நீல வானம் போட்டிருக்கிறார். கீழே முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அதற்கும் கீழே, வழக்கமாக முப்பது பெயர் நெருக்கியடிக்கிற இடம், அநேகமாகக் காலியாக இருந்தது. கண்ணீருடன் என்று போட்டு, ஒரே ஒரு பெயர்.

சாயங்காலம் மீனா ரயிலில் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடிப்படியில் உட்கார்ந்து போனை வாங்கிப் பார்த்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு மறந்துபோயிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தும் முடியவில்லை.

“என்ன போட்டிருக்கு?”

“மகள் மீனா.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“உங்க பேர்? சித்தப்பா பேர்?”

“அவர் பேர் வேணாம்னு அவர் சொல்லிட்டார். என் பேர் வேணாம்னு நான் சொல்லிட்டேன்.”

“என் பேர் மட்டும் ஏன்?”

“உன் பேர எடுக்கணும்னு யாருக்குமே தோணலம்மா.”

நான் அவளுக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன்னை முறைத்ததற்கு மன்னித்துவிடு என்று சொன்னேன். ஒன்றரை வருஷம் கழித்துச் சொல்கிறேன். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள், அவளுடைய அப்பா செத்த அன்றுகூட என் முன்னால் அப்படி அழவில்லை.